விண்டோஸ் 11-ல் கிளிப்பர் பில்லிங்: 3 கணினி, ஒரே டேட்டா, டாட் மேட்ரிக்ஸ். எது சரிவரும்?

கேள்வி: மொத்தக்கடை_ஈரோடு

வணக்கம். கடையில் ஓடும் பில்லிங், ஸ்டாக் புரோகிராம் கிளிப்பர் 5.2-ல் (டாஸ் காலத்து டேட்டாபேஸ் மொழி) எழுதியது. டேட்டா எல்லாம் டிபிஎஃப் ஃபைல், அதில் தேட உதவும் இண்டெக்ஸ் என்டிஎக்ஸ் ஃபைல். மொத்தம் 3 கணினி; மூன்றிலும் 32-பிட் விண்டோஸ் 10. அதில் ஒன்றின் ஃபோல்டரை ஷேர் செய்து மற்ற இரண்டிலும் எஸ்: டிரைவாக மேப் செய்திருக்கிறோம். பிரின்டர் 9 பின் டாட் மேட்ரிக்ஸ், யுஎஸ்பி கேபிள், அரைத்தாள் பில்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதால் இரண்டு கணினிகளை மாற்றுகிறோம். புதியதில் விண்டோஸ் 11. அதில் எக்ஸ்இ-யைத் திறந்தால் 16-பிட் புரோகிராம், இந்தக் கணினியில் ஓடாது என்று வருகிறது. ப்ராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி டேப் போய் விண்டோஸ் 98, எக்ஸ்பி எல்லாம் தேர்ந்தெடுத்தும் அதே செய்திதான்.

1. விண்டோஸுக்குள்ளேயே ஏதாவது செட்டிங் உண்டா?
2. பழைய கணினி ஒன்றும் புதியவை இரண்டும் ஒரே டேட்டாவில் வேலை செய்யலாமா?
3. அரைத்தாள் பிரின்ட் கெடாமல் வருமா?
4. பிஆர்ஜி சோர்ஸ் (புரோகிராமை எழுதிய மூல ஃபைல்கள்) பாதிதான் கையில் இருக்கிறது. எழுதியவர் தொழிலை விட்டுவிட்டார். மாற்றி எழுத வழி உண்டா?

பதில்: டிபிஎஃப்_தாத்தா

முதல் கேள்விக்கு நேரடியாக: கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விண்டோஸ் 95, 98 எல்லாம் டாஸின் தோளில் உட்கார்ந்திருந்தவை. 2001-ல் எக்ஸ்பி வந்தபோது வீட்டுக் கணினிகளும் என்டி கெர்னலுக்கு மாறின. அஸ்திவாரமே மாறியும் டாஸ் புரோகிராம்கள் ஓடியதற்குக் காரணம் என்டிவிடிஎம் என்ற துணைப்பகுதி. பிராசசரில் விர்ச்சுவல் 8086 என்று ஒரு மோட் உண்டு. என்டிவிடிஎம் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டாஸ் புரோகிராமுக்கும் தனியாக ஒரு பொய் டாஸைக் காட்டியது. உங்கள் 32-பிட் விண்டோஸ் 10-ல் இன்றுவரை நடப்பதும் அதுதான்.

64-பிட் விண்டோஸில் பிராசசர் லாங் மோடில், அதாவது 64-பிட் மோடில், ஓடுகிறது. லாங் மோடில் விர்ச்சுவல் 8086 கிடையாது. அதனால் 64-பிட் விண்டோஸ் எதிலுமே என்டிவிடிஎம் வைக்கப்படவில்லை. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை என்பதால் பின்வாசலும் அடைபட்டுவிட்டது.

விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் விண்டோஸ் புரோகிராம்களின் கதை கொஞ்சம் வேறு. அந்தக் கோடை லாங் மோடிலேயே பிராசசர் ஓட்டும். லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் அப்படித்தான் செய்கிறது. 64-பிட் விண்டோஸ் அவற்றை ஓட்டாததற்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம், அதன் ஹேண்டில்களில் (ஜன்னல், ஃபைல் போன்றவற்றைக் குறிக்கும் எண்கள்) 32 பிட் பயனில் இருக்கின்றன, அவற்றை 16 பிட்டாக வெட்டினால் தகவல் போய்விடும் என்பது. அந்த வகைக்கு ஓடிவிடிஎம் என்ற திறமூலக் கருவி உண்டு. ஆனால் அது டாஸ் எக்ஸ்இ-க்கு உதவாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கம்பாட்டிபிலிட்டி டேப் என்ன செய்கிறது என்றால், 32-பிட் புரோகிராமிடம் பதிப்பு எண்ணை மாற்றிச் சொல்லும், சில பழைய நடத்தைகளை நடித்துக் காட்டும். இல்லாத பிராசசர் மோடை அதனால் வரவழைக்க முடியாது.

ஆக, பிராசசரையே மென்பொருளில் நடித்துக் காட்டும் எமுலேட்டர் வேண்டும். இல்லையென்றால் 32-பிட் விண்டோஸை ஒரு விர்ச்சுவல் மெஷினில் வைக்க வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால் சோர்ஸை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு முதலாவது, ஒரு வருடத்துக்குள் கடைசி வழி. நடுவில் உள்ளது பற்றி லேன்கம்பி வந்து சண்டை போடுவார்.

பதில்: டிபிஎஃப்_தாத்தா

தொடர்ச்சி. எமுலேட்டர் என்றதும் எல்லோரும் டாஸ்பாக்ஸ் 0.74-ஐ இறக்குவார்கள். பல கணினி வேலைக்கு அதைத் தொடாதீர்கள். அது விளையாட்டுக்காகச் செய்தது. ஃபைல் பகுதியை லாக் செய்யும் டாஸ் அழைப்புக்கு அதில் ஆதரவு இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பில் போட்டால் என்டிஎக்ஸ் நொறுங்கும்.

உங்களுக்கு வேண்டியது டாஸ்பாக்ஸ்-எக்ஸ். எழுத்துத் திரை புரோகிராமுக்கென்றே செய்த விடாஸும் நல்லதுதான், ஒரே கணினிக் கடைக்கு அதையே சொல்வேன். மூன்று கணினி என்பதால் எக்ஸ். கான்ஃபிக் ஃபைலில் பார்க்க வேண்டியவை:

– 'ஷேர்' ட்ரூ என்று இருக்கட்டும். 'ஃபைல் ஆக்செஸ் ட்ரைஸ்' என்பதை 3 ஆக்குங்கள். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் மாதிரி நெட்வொர்க் டேட்டாபேஸுக்கென்றே வைத்த செட்டிங் அது.

– எஸ்: டிரைவை மவுன்ட் செய்யும் வரியின் கடைசியில் 'நோகேஷ்டிர்' சேர்க்க வேண்டும். இல்லையென்றால் எமுலேட்டர் ஃபோல்டர் பட்டியலை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். பக்கத்துக் கணினி புதிதாக உருவாக்கிய ஃபைல் இதற்குத் தெரியாது. மாதம் மாறியதும் புது டிபிஎஃப் உருவாக்கும் புரோகிராம்கள் ஒன்றாம் தேதி காலையில் இதில் மாட்டும்.

– 'அவுட்புட்' டிடிஎஃப். எழுத்து பெரிதாக, கூர்மையாக வரும். முழுநாள் திரையைப் பார்ப்பவர் கண்ணுக்கு இதுவே பெரிய உதவி.

– 'சைக்கிள்ஸ்' (எமுலேட்டரின் வேகம்) மேக்ஸ் வேண்டாம். கிளிப்பர் கீபோர்டை விடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்; மேக்ஸ் வைத்தால் சும்மா இருக்கும்போதும் விசிறி சத்தம் போடும். 20000-ல் தொடங்கி ரிப்போர்ட் வேகம் போதும் வரை ஏற்றுங்கள். (டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கும் குறைந்த சைக்கிள்தான் மருந்து. அதன் சிஆர்டி யூனிட் 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும். வேகமான பிராசசரில் விடை 16 பிட்டில் அடங்காமல் 'ரன்டைம் எரர் 200' என்று விழும்.)

– டேட்டா ஃபோல்டர் பெயர் 8 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல்.

இரண்டாம் கேள்விக்கு: கலந்து ஓட்டலாம். கிளிப்பர் ரெக்கார்டை லாக் செய்வது டிபிஎஃப்-க்குள் உண்மையில் இல்லாத ஓர் இடத்தில்: 100 கோடியாவது பைட்டுக்கு அப்பால், ரெக்கார்டு எண்ணைக் கூட்டி. பழைய கணினியில் என்டிவிடிஎம் அந்தக் கோரிக்கையை விண்டோஸுக்கு அனுப்புகிறது, புதியதில் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அனுப்புகிறது. இருவரும் ஒரே இடத்தில் பூட்டுவதால் ஒத்துப்போகும்.

நம்பி விடாதீர்கள், சோதியுங்கள். டேட்டாவை நகலெடுத்து, பழைய கணினியில் ஒரு வாடிக்கையாளர் ரெக்கார்டைத் திருத்தும் திரையில் நிறுத்துங்கள். புதியதில் அதே ரெக்கார்டைத் திருத்தப் போனால் மறுக்க வேண்டும். மறுக்காமல் உள்ளே விட்டால் அன்றைக்கு நேரடி டேட்டாவில் கை வைக்கக் கூடாது.

பதில்: லேன்கம்பி

சண்டைக்கு வரவில்லை, நெட்வொர்க் பக்கம் விட்டதைச் சொல்கிறேன். லாக் சரியாக இருந்தும் டிபிஎஃப் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டர் ஷேரிங் நெறிமுறை) கேஷ்தான். புது விண்டோஸ், சர்வரில் (ஃபோல்டரை ஷேர் செய்யும் கணினி) உள்ள ஃபைலின் அளவு, தேதி ஆகியவற்றைச் சில நொடிகள் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதற்குள் இன்னொருவர் ஒரு ரெக்கார்டைச் சேர்த்தால் இவருக்குப் பழைய நீளம்தான் தெரியும்.

டிரைவை மேப் செய்யும் ஒவ்வொரு கிளையன்ட் கணினியிலும் ரிஜிஸ்ட்ரியில் லேன்மேன்-வொர்க்ஸ்டேஷன் சர்வீஸின் பாராமீட்டர்ஸ் கீழே மூன்று டிவேர்டு உருவாக்கி மூன்றுக்கும் 0 கொடுங்கள்: டைரக்டரி-கேஷ்-லைஃப்டைம், ஃபைல்இன்ஃபோ-கேஷ்-லைஃப்டைம், ஃபைல்நாட்ஃபவுண்ட்-கேஷ்-லைஃப்டைம். பெயர்களை இடைவெளியோ கோடோ இல்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும். எதுவும் உருவாக்காவிட்டால் 10, 10, 5 நொடி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு ரீஸ்டார்ட்.

சர்வர் கணினியில் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, செட்-எஸ்எம்பிஷேர் கட்டளையில் அந்த ஷேரின் 'லீசிங்மோட்' (கிளையன்ட் ஃபைலைத் தன்னிடம் கேஷ் செய்ய விடும் அனுமதி) மதிப்பை 'நன்' ஆக்குங்கள். பழைய நூல்களில் அதே மாதிரி கேஷ் அனுமதியான ஆப்லாக்கை ரிஜிஸ்ட்ரியில் அணைக்கச் சொல்வார்கள்; அது எஸ்எம்பி 1-க்கு மட்டுமே செல்லும், இப்போது பயனில்லை.

விண்டோஸ் 11-ன் 24எச்2 (2024-ல் வந்த பதிப்பு) ப்ரோ என்றால் பாஸ்வேர்டு இல்லாத ஷேர் திறக்காது. கெஸ்ட் வழியை மூடிவிட்டார்கள், சைனிங்கும் கட்டாயம். அதைத் தளர்த்த யூடியூபில் ஆயிரம் வழி சொல்வார்கள். அதெல்லாம் வேண்டாம். சர்வர் கணினியில் பாஸ்வேர்டுடன் ஒரு யூசரை உருவாக்கி, அதை வைத்து டிரைவை மேப் செய்தால் போதும்.

வைஃபையில் டிபிஎஃப் ஓட்டாதீர்கள். இண்டெக்ஸ் எழுதும் நடுவில் ஒரு நொடி இணைப்பு போனாலும் என்டிஎக்ஸ் பாதியில் நிற்கும்.

விர்ச்சுவல் மெஷின் பற்றி: புரோகிராமுக்கு ஹார்டுவேர் லாக் (போர்ட்டில் செருகும் டாங்கிள்) இருப்பதாக நீங்கள் சொல்லாததால் எமுலேட்டரே போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எமுலேட்டரில் ஏதாவது ஒரு ரிப்போர்ட் தொங்கினால் விர்ச்சுவல்பாக்ஸில் 32-பிட் விண்டோஸ் 7 வையுங்கள். எக்ஸ்பி வேண்டாம்: அது எஸ்எம்பி 1 மட்டுமே பேசும், அதற்காக சர்வரில் எஸ்எம்பி 1-ஐத் திறந்தால் கடை நெட்வொர்க் முழுவதற்கும் ஆபத்து. விண்டோஸ் 7 எஸ்எம்பி 2.1 பேசும். அதுவும் 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது, ஆகையால் அந்த மெஷினுக்கு கேட்வே கொடுக்காமல் இன்டர்நெட்டை வெட்டிவிடுங்கள்.

பதில்: ரிப்பன்மை

பிரின்டர் என் பாடம்.

டாஸ் புரோகிராம் எல்பிடி1 என்ற பழைய பிரின்டர் போர்ட்டுக்கு நேராக பைட்டுகளைத் தள்ளும். அதில் எழுத்தோடு பிரின்டர் கட்டளைகளும் இருக்கும்: 15 சிறிய எழுத்து, 18 பழைய அளவு, 12 அடுத்த தாள், 27-ல் தொடங்குபவை மற்றவை. இந்த பைட்டுகள் ஒன்றுகூட மாறாமல் பிரின்டருக்குப் போக வேண்டும். விண்டோஸ் டிரைவர் நடுவில் புகுந்து எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பினால் வேகமும் போகும், கட்டமும் கலையும்.

முதலில் விண்டோஸில் அந்த யுஎஸ்பி போர்ட்டுக்கு 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரைப் போட்டு, சுருக்கமாக டிஎம் என்ற பெயரில் ஷேர் செய்யுங்கள். பிரின்டர் ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, பிரின்ட் பிராசசர் போய் 'ரா' என்பது தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். அருகிலேயே 'ரா, எஃப்எஃப் அப்பெண்டட்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பில்லுக்கும் பின்னால் ஒரு வெற்றுத்தாள் ஓடும்.

அடுத்து டாஸ்பாக்ஸ்-எக்ஸ் கான்ஃபிக்கில் 'பேரலல்1' வரியை 'ஃபைல்' வகையாக்கி 'டைம்அவுட்' 1500 கொடுங்கள். அதாவது ஒன்றரை நொடி எதுவும் வராவிட்டால் பில் முடிந்தது என்று ஃபைலை மூடும். நீளமான ரிப்போர்ட் நடுவில் கணக்குப் போட்டு நின்று நின்று வருமானால் 5000 வரை ஏற்றலாம், குறைவாக வைத்தால் ரிப்போர்ட் இரண்டாக உடையும். அதே வரியில் 'ஓபன்வித்' என்று ஒரு பேட்ச் ஃபைலைக் காட்டுங்கள். பேட்சில் ஒரே வேலை: வந்த ஃபைலை காப்பி கட்டளையின் பி சுவிட்சோடு, லோக்கல்ஹோஸ்டில் உள்ள டிஎம் ஷேருக்கு அனுப்புவது. பி சுவிட்ச் முக்கியம். விட்டுவிட்டால் 26 என்ற பைட் வரும் இடத்தோடு ஃபைல் முடிந்ததாக எடுத்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடும். 'ஆட்எஃப்எஃப்' என்ற விருப்பத்தைச் சேர்க்காதீர்கள், காரணம் மேலே சொன்ன வெற்றுத்தாள்தான்.

அரைத்தாள் நகர்ந்துபோவது எமுலேட்டர் குற்றம் இல்லை. 12 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 6 வரி என்றால் 72 வரி, அரைத்தாள் 36. பில் தொடக்கத்தில் 27, 67, 36 என்ற மூன்று பைட் போனால் பிரின்டர் 36 வரியை ஒரு தாளாக எடுத்துக்கொள்ளும். சில புரோகிராம்கள் இதை அனுப்பாமல் பிரின்டரின் சொந்த செட்டிங்கை நம்பியிருக்கும். புரோகிராமைத் தொட முடியாவிட்டால் அந்த மூன்று பைட்டை ஒரு சிறு ஃபைலில் எழுதி, பேட்சில் பில்லுக்கு முன்னால் ஒட்டி அனுப்புங்கள்.

24எச்2-ல் 'விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரின்ட் மோட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரைப் பார்த்து யாராவது அழுத்திவிட்டால் மோப்ரியா சான்றுள்ள பிரின்டர் மட்டும்தான் ஓடும். டாட் மேட்ரிக்ஸ் அந்த வகையில் வராது.

மொத்தக்கடை_ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. லாக் சோதனை சரியாக வந்தது, இரண்டாவது கணினி மறுத்தது. அரைத்தாளும் நிற்கிறது. ஆனால் ஸ்டாக் ரிப்போர்ட் போகும்போது புதிய கணினியில் மட்டும் 'டிபிஎஃப்என்டிஎக்ஸ்/1001 ஓபன் எரர்', அடைப்புக்குள் 'டாஸ் எரர் 4' என்று வந்து வெளியேறுகிறது. ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது.

பதில்: டிபிஎஃப்_தாத்தா

1001-ஐ விடுங்கள், அது "திறக்க முடியவில்லை" என்பது மட்டும். அடைப்புக்குள் இருக்கும் எண்தான் விஷயம். 2 என்றால் ஃபைல் இல்லை, 3 பாதை தவறு, 5 அனுமதி இல்லை, 32 என்றால் வேறொருவர் தனக்கு மட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார். 4 என்றால் திறக்கும் ஃபைல்களின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது. ஸ்டாக் ரிப்போர்ட் நிறைய டிபிஎஃப், என்டிஎக்ஸ்களை ஒரே நேரத்தில் திறக்கும், அவ்வளவுதான்.

வரம்பு இரண்டு இடத்தில் உண்டு, இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும். ஒன்று டாஸின் 'ஃபைல்ஸ்' மதிப்பு. மற்றது 'கிளிப்பர்' என்ற என்விரான்மென்ட் வேரியபிள். பழைய கணினியில் பேட்ச் ஃபைலிலோ ஆட்டோஎக்ஸெக்கிலோ செட் கிளிப்பர் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதைப் புதியதற்குக் கொண்டுவர மறந்திருப்பீர்கள். டாஸ்பாக்ஸ்-எக்ஸின் ஆட்டோஎக்ஸெக் பகுதியில், புரோகிராமை அழைக்கும் வரிக்கு முன்னால், செட் கிளிப்பர்=//எஃப்:100 என்று சேர்த்துப் பாருங்கள். பழைய வரியில் இ: என்று ஏதாவது இருந்தால் அதையும் அப்படியே எடுங்கள், அது இஎம்எஸ் நினைவக அளவு.

என்றைக்காவது 1012 வந்தால் அது இண்டெக்ஸ் கெட்டது. எல்லோரையும் வெளியேற்றி, என்டிஎக்ஸ்களை நகர்த்திவிட்டு, புரோகிராமின் ரீஇண்டெக்ஸ் மெனுவை ஓட்டுங்கள்.

விபி6_இன்னும்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது விபி6 (விஷுவல் பேசிக் 6), டேட்டா ஆக்சஸ் எம்டிபி ஃபைல். 32-பிட்தானே, ஓட வேண்டுமே? ஆனால் செட்அப்பே 16-பிட் என்று நின்றுவிடுகிறது.

பதில்: லேன்கம்பி

புரோகிராம் 32-பிட், அதைச் சுற்றிய இன்ஸ்டாலர் 16-பிட். அந்தக் காலத்தில் விண்டோஸ் 3.1-லும் ஓடட்டும் என்று அப்படிச் செய்தார்கள். இன்ஸ்டால்ஷீல்டு, ஆக்மி ஆகிய இரண்டின் சில பதிப்புகளை 64-பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு தானே 32-பிட் மாற்றை ஓட்டும். உங்களுடையது அதில் இல்லை போல. மேலே தாத்தா சொன்ன ஓடிவிடிஎம்-ஐ செட்அப்புக்கு மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். இல்லையென்றால் பழைய கணினியிலிருந்து ஃபோல்டரை நகலெடுத்து, ஓசிஎக்ஸ்களை (புரோகிராம் பயன்படுத்தும் துணைக் கூறுகள்) கையால் ரிஜிஸ்டர் செய்யலாம்.

அங்கே ஒரு பொறி. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64-பிட் ஃபைல்கள். 32-பிட் ஃபைல்கள் சிஸ்வாவ்64-ல் இருக்கின்றன. பெயர் தலைகீழ்தான், வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஓசிஎக்ஸை சிஸ்வாவ்64-ல் போட்டு, அங்கே உள்ள ரெக்எஸ்விஆர்32-ஐ அட்மினாக ஓட்டுங்கள். ஓடிபிசி (டேட்டாபேஸ் இணைப்பு) அமைக்கவும் அதே ஃபோல்டரில் உள்ள ஓடிபிசி-ஏடி32. எம்டிபி-யைத் திறக்கும் ஜெட் 4.0 டிரைவர் 32-பிட் மட்டுமே.

எம்டிபி-யை புரோகிராம் ஃபைல்ஸில் வைக்காதீர்கள். எழுத அனுமதி இல்லாததால் விண்டோஸ் சத்தமில்லாமல் யூசரின் விர்ச்சுவல்ஸ்டோரில் ஒரு நகலை உருவாக்கி அதில் எழுதும். அப்புறம் ஒவ்வொரு யூசருக்கும் ஒவ்வொரு கணக்கு தெரியும்.

பதில்: டிபிஎஃப்_தாத்தா

ஈரோட்டுக்காரரின் நாலாவது கேள்வி பாக்கி.

ஹார்பர் என்று கிளிப்பருக்கு ஒத்த திறமூலக் கம்பைலர் இருக்கிறது. பிஆர்ஜி-யை அப்படியே எடுத்து 64-பிட் எக்ஸ்இ ஆக்கும். டிபிஎஃப், என்டிஎக்ஸ் வடிவம் மாறாது, அதனால் டேட்டாவைத் தொட வேண்டியதில்லை. எமுலேட்டரே தேவைப்படாது.

உங்களிடம் இல்லாத பாதி பற்றி: கிளிப்பர் மெஷின் கோடாக மாற்றுவதில்லை, பி-கோடாக (மூலத்துக்கு நெருக்கமான இடைநிலைக் கட்டளைகள்) வைக்கிறது. அதனால் எக்ஸ்இ-யிலிருந்து பிஆர்ஜி-யை மீட்பது சி புரோகிராமைப் போலக் கடினமில்லை. வால்கைரி, ரெஸ்க்யூ5 என்று அந்தக் காலத்திலேயே கருவிகள் இருந்தன. உரிமை உங்களுடையதா என்று வாங்கிய காகிதத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எங்கே முட்டும்? சி அல்லது அசெம்பிளியில் எழுதிச் சேர்த்த ஓபிஜே, லிப் ஃபைல்கள் (முன்பே கம்பைல் செய்த துணைப் பகுதிகள்) 16-பிட்; அவை ஹார்பரில் இணையாது. மவுஸ், ஜன்னல் நிழல், பிரின்டர் நிலை பார்ப்பது மாதிரி சில்லறை ஃபங்ஷன்கள்தான் பெரும்பாலும் அப்படி இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றி எழுத வேண்டும். எல்பிடி1-க்கு நேராக எழுதும் இடங்களை ஃபைலுக்குத் திருப்பி, ரிப்பன்மை சொன்ன பேட்சையே கடைசியில் அழைக்கலாம்.

ஹார்பர் எக்ஸ்இ ஒரு கணினியிலும் பழைய எக்ஸ்இ இன்னொன்றிலும் சில வாரம் சேர்ந்து ஓடும் அல்லவா? அப்போது லாக் இடம் ஒத்திருக்க வேண்டும். என்டிஎக்ஸுக்கு ஹார்பரும் அதே 100 கோடியைத்தான் எடுத்துக்கொள்ளும். பழைய புரோகிராமை என்டிஎக்ஸ்லாக்2 ஓபிஜே சேர்த்து லிங்க் செய்திருந்தால் மட்டும் அது 400 கோடி ஆகும். லிங்க் ஸ்கிரிப்ட் (எக்ஸ்இ-யில் எந்த ஃபைல்களைச் சேர்த்தார்கள் என்ற பட்டியல்) கையில் இருந்தால் அந்தப் பெயரைத் தேடுங்கள். இருந்தால் ஹார்பரில் டிபிஎஃப்லாக்ஸ்கீம் செட்டிங்கை இரண்டாவது கிளிப்பர் முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் இரண்டு எக்ஸ்இ-யும் தனித்தனியாகப் பூட்டிக்கொண்டு ஒன்றையொன்று பார்க்காது. முன்பு செய்த அதே லாக் சோதனையை இங்கேயும் இரு திசையிலும் செய்யுங்கள்.

மொத்தக்கடை_ஈரோடு

எஃப்:100 சேர்த்ததும் ஸ்டாக் ரிப்போர்ட் வந்துவிட்டது. லிங்க் ஸ்கிரிப்ட் ஒன்று பழைய ஃபோல்டரில் இருக்கிறது, என்டிஎக்ஸ்லாக்2 அதில் இல்லை. அதில் உள்ள லிப் பெயர்களை ஞாயிற்றுக்கிழமை இங்கே பட்டியலிடுகிறேன், எதெல்லாம் ஹார்பரில் கிடைக்கும் என்று சொல்லுங்கள்.